ஒற்றுமையான குடும்பத்துக்கு எதற்கு உயில்?

"உயிலா? எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பிரச்சினையே கிடையாது." ஒரு வீடு, ஊரில் கொஞ்சம் நிலம், வங்கியில் டெபாசிட், லாக்கரில் நகை என்று வைத்திருக்கும் எவரிடமும் பேச்சை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். சொல்பவர் படிக்காதவராக இருக்க வேண்டியதில்லை. வங்கி மேலாளர் சொல்வார், தலைமையாசிரியர் சொல்வார். வழக்கறிஞர்களே தங்கள் வீட்டைப் பற்றி இப்படிச் சொல்வதுண்டு.

அவர்கள் கட்சியை முதலில் நியாயமாக எடுத்து வைத்துவிடுகிறேன். உயில் என்பது கோடீஸ்வரர்களுக்கும் பங்காளிப் பகை உள்ள வீடுகளுக்கும் உரியது. சாதாரணக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் மனைவி மக்களுக்குச் சட்டமே பங்கு கொடுத்துவிடுகிறது. வங்கிக்கும் இன்சூரன்ஸுக்கும் நாமினி இருக்கிறார். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கினால் பட்டா மாறிவிடும். யாருக்காவது தனியாகக் கொடுக்க ஆசைப்பட்டால் உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதலாம். சிறு பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள். வக்கீலிடம் போனால் செலவு. கோர்ட்டுக்குப் போனால் தலைமுறை கழியும். போதாக்குறைக்கு, நல்லபடியாக இருக்கும் வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று எழுத உட்கார்ந்தால் அன்றைக்கே மனக்கசப்பு ஆரம்பம்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையாக நின்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, மதியம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ உண்டு. உயில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் உண்மை. ஆனால் இதை வைத்துக்கொண்டு "உயிலும் வேண்டாம், சட்ட ஆலோசனையும் வேண்டாம்" என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. ஒற்றுமை என்கிறீர்களே, யாருக்குள்?

இன்று உயிரோடு இருப்பவர்களுக்குள், பெரியவர் ஒருவர் நடுவில் இருக்கும்போது நிலவுகிற ஒற்றுமையைத்தான் சொல்கிறீர்கள். சொத்து கைமாறுவதோ அவர் போன பிறகு. அப்போது கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள். ஒரு மகன் முன்பே இறந்திருந்தால் அவன் மனைவியும் பிள்ளைகளும் அவன் இடத்தில் வருவார்கள். பங்கு பிரிக்குமுன் மகள் இறந்துவிட்டால் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள். ஒருவர் கனடாவில் இருப்பார், ஒருவருக்கு மறதி நோய் வந்திருக்கும், ஒரு பேத்திக்கு 12 வயதுதான் ஆகியிருக்கும்.

இவர்களில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அந்த வீட்டை விற்க முடியாது. வாங்க வருபவரின் வக்கீலும், அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் சட்ட ஆலோசகரும் அத்தனை வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்பார்கள். கனடாவில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப வேண்டும். சிறுமியின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். மறதி நோய்க்காரருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை அவருடைய மனைவிக்குக்கூடத் தானாக வராது. சண்டையே இல்லாத குடும்பமும் இப்படித்தான் சிக்கிக்கொள்கிறது.

ஒற்றுமை இருப்பதால் எழுத வேண்டாம் என்கிறீர்கள். ஒற்றுமை இருக்கும்போதுதான் எழுதவே முடியும் என்கிறேன். எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, "ஏன் இப்படி?" என்பதற்கு எழுதுகிறவர் வாயாலேயே பதில் வாங்க முடிகிற காலம் அது ஒன்றுதான்.

2. சட்டம் பிரித்துக் கொடுக்கும், சரி. எப்படிப் பிரிக்கும் என்று படித்தீர்களா?

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்து, கடன் அடைத்து, கணவன் பெயரில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்குகிறார்கள். கணவன் 42 வயதில் இறந்துபோகிறார். இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவனின் தாய் இருக்கிறார். வீட்டில் மனைவிக்குக் கால் பங்குதான். அரைப் பங்கு பிள்ளைகளுடையது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதைத் தொட முடியாது. மீதிக் கால் பங்கு மாமியாருக்கு.

மாமியாருக்குப் போகக் கூடாது என்பது என் வாதம் அல்ல. பெற்றவளுக்குப் பங்கு தருவது அந்தச் சட்டத்தின் நல்ல அம்சங்களில் ஒன்று. அடுத்த கட்டத்தைப் பாருங்கள்: நாளைக்கு அவரும் உயில் எழுதாமல் இறந்தால் அந்தக் கால் பங்கு அவருடைய மற்ற மகன், மகள்களுக்கும் இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரியும். மருமகளுக்கு அதில் எதுவும் இல்லை. அவள் தவணை கட்டிய வீட்டில் கொழுந்தனும் நாத்தனாரும் பங்குதாரர்கள் ஆகிவிடுவார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. யாருமே திட்டமிடாததால் வந்தது. தாய்க்கு ஆயுள் உள்ளவரை பராமரிப்புக்கு ஒரு தொகை, வீடு மனைவிக்கு என்று கணவன் நாலு வரி எழுதியிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள்.

பெண்ணின் சொத்து என்றால் நிலைமை இன்னும் மோசம். பிள்ளையில்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவள் தானே சம்பாதித்த சொத்துகூடக் கணவனின் வாரிசுகளுக்குப் போன பிறகுதான் பெற்றோர் முறை வரும். 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓம்பிரகாஷ் வழக்கு இதற்குச் சாட்சி. 1955இல் கல்யாணமான பெண். மூன்று மாதத்தில் பாம்பு கடித்துக் கணவன் இறந்துபோகிறான். புகுந்த வீடு அவளை வெளியேற்றியது. பிறந்த வீடு சேர்த்துக்கொண்டது, படிக்கவைத்தது. வேலைக்குப் போனாள், சேமித்தாள், 1996இல் உயில் எழுதாமல் இறந்தாள். அந்தச் சேமிப்பும் வருங்கால வைப்பு நிதியும் கேட்டு அவளைப் பெற்ற தாய் நீதிமன்றம் போனார். வென்றவர்கள் கணவனின் சகோதரியின் மகன்கள். நாற்பது ஆண்டுகளாக அவளைத் திரும்பிப் பார்க்காத குடும்பம் அது. கடினமான வழக்குதான் என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்றது. 2025 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம் பெண்கள், அதிலும் இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவைக்க வேண்டும் என்று வேண்டுகோளே விடுத்தது. "சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். சட்டத்தை நடத்துகிறவர்களோ அதை நம்பி இருந்துவிடாதீர்கள் என்கிறார்கள்.

3. சட்டத்தின் பட்டியலில் இல்லாதவர்களை என்ன செய்வீர்கள்?

தமிழ்க் குடும்பம் ரத்த உறவோடு முடிவதில்லை. முறையாகத் தத்து எடுக்காமல் வளர்த்த பிள்ளை, மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்த மகன், கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்து எல்லோரையும் வளர்த்துவிட்ட அத்தை, படுக்கையில் கிடந்த மாமனாருக்குப் பத்து ஆண்டு பணிவிடை செய்த மருமகள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கணவன் உயிரோடு இருக்கும் அந்த மருமகள் உட்பட, இவர்கள் யாருக்கும் பைசா கிடையாது.

இரண்டாம் குடும்பம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொத்தில் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூட்டுக் குடும்பச் சொத்தில் அந்தப் பெற்றோருக்கு வந்திருக்கக்கூடிய பங்குக்கும் அதை விரித்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்க்கு வாரிசுரிமை இல்லை. முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் இல்லை. ஊருக்கே தெரிந்த உறவைக் காகிதத்தில் எழுத வெட்கப்பட்டுக்கொண்டு ஓர் ஆண் இறந்துபோனால், தெருவில் நிற்பது அந்தப் பெண்தான்.

4. நாமினியும் வாரிசுச் சான்றும் போதும் என்பது எவ்வளவு தூரம் சரி?

பணத்தை யாரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும் என்ற கேள்விக்குத்தான் நாமினி பதில். அது யாருடைய பணம் என்ற கேள்விக்கு அல்ல. நாமினி வெறும் பெற்றுக்கொள்ளும் கை, உரிமை வாரிசுகளுக்கு என்று இன்சூரன்ஸ் பாலிசி பற்றிய சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983இலேயே சொல்லிவிட்டது. பங்குகளுக்கும் அதுதான் நிலை என்று 2023 டிசம்பரில் மீண்டும் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே பயனாளிகள் என்று 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஒரு விதிவிலக்கை வங்கி டெபாசிட்டுக்கும் டீமேட் கணக்குக்கும் நீட்டிக்கொள்ள முடியாது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். நாமினிகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. அவர்களின் தகுதி கூடவில்லை.

அந்த நாமினி படிவத்தை நீங்கள் எப்போது நிரப்பினீர்கள்? வேலையில் சேர்ந்த அன்று, கல்யாணத்துக்கு முன், அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதியிருப்பீர்கள். பி.எஃப். திட்டத்தில், குடும்பம் இல்லாதபோது போட்ட நியமனம் குடும்பம் வந்ததும் செல்லாமல் போகும். மற்ற கணக்குகளில் அந்தப் பழைய பெயர் அப்படியே கிடக்கும். கணக்கு இருப்பதே வீட்டுக்குத் தெரியாத பணம் தனிக் கதை. பத்து ஆண்டுகளாக யாரும் கேட்டு வராத வங்கி டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகின்றன; 2024 மார்ச் இறுதியில் அந்த நிதியில் 78,213 கோடி ரூபாய் இருந்தது. அத்தனையும் இறந்தவர்கள் பணம் அல்ல. ஆனால் எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாள் எழுதிவைக்காத வீடுகளின் பணமும் அதில் கிடக்கிறது.

வாரிசுச் சான்றும் இதே வகைதான். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று தாசில்தார் சொல்வார். எந்தச் சொத்தில் யாருக்கு எவ்வளவு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. பட்டாவில் பெயர் ஏறுவதாலேயே நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. கடன் தொகை, பங்குகள் போன்றவற்றுக்கு நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று கேட்கும் நிலையும் வரும். கோர்ட்டுக்குப் போகாமல் தப்பிக்கத்தான் எழுதவில்லை என்றவர்களின் பிள்ளைகள் கடைசியில் அங்கேதான் நிற்கிறார்கள்.

5. செட்டில்மெண்டும் பவரும் உயிலுக்கு மாற்றா?

மாற்று என்று நம்பித்தான் பல முதியவர்கள் சொந்த வீட்டில் விருந்தாளி ஆகியிருக்கிறார்கள். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவான அன்றே வீடு உங்களுடையது அல்ல. மனம் மாறினால் ஒருதலையாக ரத்து செய்யவும் முடியாது. உயிலை மூச்சு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்ட பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி தருகிறது, உண்மை. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்ததா என்பதில்தான் வழக்கே நடக்கிறது. நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022இல் ஒரு தீர்ப்பு; முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொன்று. எழுபது வயதில் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறி, பெற்ற மகனுக்கு எதிராக மனுக் கொடுப்பதா நீங்கள் சொல்லும் எளிய வழி?

பவர் பத்திரம் இதைவிடப் பெரிய ஏமாற்றம். "எனக்கு முடியாமல் போனால் பவர் வைத்திருக்கும் மகன் பார்த்துக்கொள்வான்" என்று நம்புகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். பவர் எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாளில்தான் அது செத்துப்போகிறது.

6. "தாய் இருக்கிறாள்" என்றால் பிள்ளைகளின் சொத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதா?

தந்தைக்குப் பிறகே தாய் என்று 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம் எழுதிவைத்தது. தன் மகன் பெயரில் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்க மறுத்ததில் தொடங்கி, 1999இல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையில் அவர் உயிரோடு இருக்கும்போதும் தாய் இயல்பான பாதுகாவலராக இருக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் பாதுகாவலர் என்ற நிலை சொத்தை விற்கும் உரிமை ஆகாது. மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ பெற்ற தாயும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விற்றால், பிள்ளைக்கு 18 வயது ஆன பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். விவரம் தெரிந்த எவரும் அந்தச் சொத்தை வாங்க யோசிப்பார்.

இரண்டு பெற்றோரும் ஒரே விபத்தில் போனால்? உயில் மூலம் பிள்ளைக்குப் பாதுகாவலரை நியமிக்கும் உரிமையை அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு பெற்றோருக்குத் தருகிறது. தந்தை நியமித்தவர் தாய் இருக்கும்வரை பொறுப்புக்கு வர முடியாது. தாய் யாரையும் நியமிக்காமல் இறந்தால் வருவார். இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தாவிட்டால் தாய்மாமன் வீடும் சித்தப்பா வீடும் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் எதிரெதிர் மனுப் போடும். நடுவில் குழந்தை இருக்கும்.

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு இந்த அலட்சியம் மன்னிக்கவே முடியாதது. 18 வயது முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை சட்டப்படி பெரியவர். பெற்றோரின் பாதுகாவலர் உரிமை அதோடு முடிந்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பெயருக்கே வீட்டை எழுதிவைப்பது பாசம்தான், ஆனால் பாதுகாப்பு அல்ல. ஒரு அறக்கட்டளை வைத்து, வருமானம் பிள்ளைக்கு, நிர்வாகம் இன்னார் கையில், அவருக்குப் பின் இன்னார் என்று எழுத வேண்டும். இதை யாரும் மனப்பாடமாக எழுத முடியாது.

பெரியவர் ஒருவர் கோமாவில் கிடந்தால், அவருடைய சொத்தை நிர்வகிக்க மனைவியை நியமிக்கும் தனிச் சட்டமே நம்மிடம் இல்லை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், அப்படிக் கேட்டு வந்த பெண்ணை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே பாதுகாவலராக நியமித்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கணவனின் சொத்தை விற்க, மனைவி ரிட் மனுப் போட வேண்டியிருந்தது.

7. பதிவு செய்துவிட்டால் உயிலை யாரும் அசைக்க முடியாதா?

உயில் எழுதுவோம், ஆனால் வக்கீல் வேண்டாம் என்பவர்களுக்கு இது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. ஆனால் பதிவு செய்த உயிலைப் பின்னால் எழுதிய பதிவில்லாத உயில் தள்ளிவிடும். செல்லுபடியாக வேண்டியது இதுதான்: எழுதியவர் கையெழுத்திட வேண்டும், அவர் கையெழுத்திடுவதைக் கண்டோ, அது தன் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டோ, குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

நடப்பது என்ன? சார்பதிவாளர் அலுவலக வாசலில் கிடைத்த இருவரைப் பத்திர எழுத்தர் சாட்சியாகக் கூப்பிடுவார். அல்லது எழுபது வயதுக்காரர் தன் எழுபத்தைந்து வயது நண்பரைச் சாட்சியாக வைப்பார். இருபது ஆண்டு கழித்து ஒருவர் யாரென்றே தெரியாது, இன்னொருவர் உயிரோடு இல்லை. சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து உயிலை நிரூபிக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். இருவருமே இல்லையென்றால் கையெழுத்துகளை அடையாளம் காட்டும் ஆளைத் தேட வேண்டும். கிடைத்த சாட்சியிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: "அவர் கையெழுத்துப் போடும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்? நீங்கள் போட்டதை அவர் பார்த்தாரா?" தடுமாறினால் உயில் விழுந்தது. பலன் அடையும் மகனே முன்னின்று எழுதவைத்திருந்தால், அதைச் சுற்றியுள்ள சந்தேகங்களைப் போக்கும் பாரம் உயிலைக் கொண்டுவருபவர் தலையில் என்பது 1958ஆம் ஆண்டின் வெங்கடாசல ஐயங்கார் தீர்ப்பிலிருந்து உறுதியான விதி.

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா எல்லைகளில் இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் புரோபேட், அதாவது உயில் மெய் என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயம் என்றிருந்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை நீக்கும் மசோதாவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. "இனி உயிலுக்குக் கோர்ட்டும் தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை" என்கிறார்கள். மதத்தையும் ஊரையும் பார்த்து வைத்திருந்த அந்தக் கட்டாயம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் உயில் உண்மையானதா என்று யாராவது கேள்வி எழுப்பினால் நிரூபிக்கும் கடமை அப்படியே இருக்கிறது. நீதிமன்றம் முன்கூட்டியே ஆராய்ந்து தரும் முத்திரை இல்லாத இடத்தில், ஆவணமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். கவனம் கூடத்தான் வேண்டும், குறையக் கூடாது.

8. உயில்தான் சண்டையைக் கொண்டுவருகிறதா?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இது. அதற்குள் இன்னும் வலுவான ஒன்றும் இருக்கிறது: மகள்களின் பங்கை வெட்டவே உயில் பயன்படுகிறது என்பது. 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்த பிறகு, "எல்லாம் மகனுக்கே" என்று எழுதிய தகப்பன்கள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை.

ஆனால் மகளை வெட்ட நினைக்கும் தகப்பனுக்கு உயில் இல்லாவிட்டால் செட்டில்மெண்ட் இருக்கிறது; அதுவும் இல்லாவிட்டால் தீபாவளிச் சீரோடு சேர்த்து வாங்கும் விடுதலைப் பத்திரம் இருக்கிறது. உயிலிலாவது அவன் தன் பங்கைத்தான் எழுத முடியும். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் வந்த பங்கை எழுத அவனுக்கு அதிகாரமே இல்லை. இதை மகளுக்குச் சொல்லவும் ஒரு வக்கீல்தான் வேண்டும். சட்ட உதவி வேண்டாம் என்ற போதனையால் லாபம் அடைவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

சண்டை வருவது காரணம் சொல்லாத உயிலால். "மூத்த மகளின் படிப்புக்கு இன்ன தொகை கொடுத்துவிட்டேன், இளையவன் என்னோடு இருந்து கடனை அடைத்தான், அதனால் இப்படிப் பிரிக்கிறேன்" என்று எழுதி, வீட்டில் சொல்லியும் வைத்த உயிலை எதிர்க்க மனம் வராது, எதிர்த்தாலும் கோர்ட்டில் அந்த வரிகள் பேசும்.

9. செலவு, செலவு என்கிறீர்களே, எதற்கு?

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலும் செல்லும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது.

வக்கீலுக்குக் கொடுக்கும் காசு தாளுக்கு அல்ல, நீங்கள் யோசிக்காத கேள்விகளுக்கு. "என் மனைவி ஆயுள் உள்ளவரை அனுபவித்து, அவளுக்குப் பின் என் மகன் அடைய வேண்டியது." தமிழ்நாட்டு உயில்களில் அடிக்கடி வரும் வாசகம் இது. பார்க்க எவ்வளவு தெளிவு! ஆனால் மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக அந்த அனுபவ உரிமை தரப்பட்டது என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி அவளே முழுச் சொந்தக்காரி ஆகிவிடலாம். 1977ஆம் ஆண்டின் துளசம்மா தீர்ப்பு தொடங்கி இதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் போய், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவு வேண்டிப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. நீதிபதிகள் தடுமாறும் வரியை நீங்கள் பழைய உயிலைப் பார்த்துக் காப்பியடித்து எழுதுகிறீர்கள்.

இன்னும் இருக்கிறது. உயில் எழுதிய பிறகு வாங்கிய மனை யாருக்கு? பலன் பெற வேண்டியவர் முன்பே இறந்தால் யாருக்கு? உயிலை நிறைவேற்றுபவர் யார்? இஸ்லாமியராக இருந்தால், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது, அது தெரியுமா? கணினியில் சேமித்த ஒரே மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் தரும் வக்கீல்களும் உண்டு. அவர்களால்தான் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர். கேள்வி கேட்காமல் எழுதித் தரும் வக்கீலை விட்டு நகர்ந்து, கேட்கிற வக்கீலைத் தேடுங்கள். மருத்துவம் சரியில்லை என்றால் வேறு மருத்துவரிடம் போகிறோமே தவிர மருத்துவமே வேண்டாம் என்று இருந்துவிடுவதில்லை.

இத்தனைக்கும் பிறகு என்ன வாதம் மிஞ்சுகிறது?

சாவைப் பற்றிப் பேசத் தயக்கம் என்ற ஒன்றுதான். அது புரிகிறது. அதற்குப் பதிலும் என்னிடம் இல்லை. ஆனால் அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது தயங்கியவர் அல்ல. அவர் போய்ச் சேர்ந்திருப்பார். தவணை கட்டிய மனைவி, பெற்ற தாய், வளர்ப்பு மகன், தனியாக விடப்பட்ட ஆட்டிசப் பிள்ளை என்று வரிசையாக மற்றவர்கள்தான் கொடுப்பார்கள். தன் பயத்துக்கு அடுத்தவரைக் கடன்காரர் ஆக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. பேசப் பயமாக இருக்கிறது என்றால் பயம் என்றே சொல்லுங்கள். அதற்குக் குடும்ப ஒற்றுமை என்று பெயர் வைக்காதீர்கள்.